மந்திரி ரீக்கரும் சோபாவின் வலது மூலையும்

தியோபால்ட் ரீக்கர் இறந்துபோன செய்தியை எங்கள் லுட்விக்ஸ்பூர்க் பத்திரிகை பதினெட்டே வரியில் போட்டு முடித்துவிட்டது. அந்தப் பதினெட்டு வரியில் மூன்று தப்பு. அப்பா பட்டாளத்து அதிகாரியாம். கிழித்தார். அவர் அப்பா பட்டாளத்தில் பாண்டு வாசித்தவர். மந்திரியாக இருந்தது இரண்டு வருஷமாம். கணக்காகப் பதினான்கு மாசம். மூன்றாவது தப்புதான் பெரிசு: 'சொந்த ஊரில் எல்லோராலும் மதிக்கப்பட்டவர்'. அடேயப்பா!

என்னைக் கேட்டிருந்தால் ஒழுங்காகச் சொல்லியிருப்பேன். நான் அவருக்கு மதினி. என் தங்கச்சி பவுலீனின் புருஷன் அவர். முப்பது வருஷம் அந்த மனுஷனைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். அவருடைய ஒவ்வொரு பதவி உயர்வும் எந்த மாசம் எந்தத் தேதி என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பொறாமைக்காரி எழுதுகிறாள் என்பீர்கள். ஆமாம், பொறாமைதான். இல்லையென்று யார் சொன்னது?

முதலில் என்னைத்தான் பெண் கேட்டார் என்று எழுத எனக்கு ஆசை. கேட்கவில்லை. எங்கள் அப்பாவின் மருந்துக்கடைக்கு மேல் வீட்டில் அவர் முதல் தடவை சாப்பிட வந்தபோது நான் நீலப் பட்டு உடுத்தி எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் மூத்தவள். பவுலீன் அடுப்படியில் நின்று மாவைப் பலகையில் வைத்துக் கொதிக்கிற தண்ணீரில் சீவிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன லெப்டினன்ட் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எங்கள் அம்மாவிடம் கேட்டார்: "ஒன்பது பேருக்கு எவ்வளவு மாவுங்க போட்டீங்க?"

அம்மா முழித்தாள். அடுப்படியிலிருந்து பவுலீன்தான் குரல் கொடுத்தாள்: "ரெண்டு ராத்தலும் ஒரு கைப்பிடியும். பத்தாவது ஆள் வந்தா அந்தக் கைப்பிடி!"

அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவளைப் பார்ப்பதற்காக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முடிந்தது கதை.

நான் லத்தீன் வாத்தியார் கோட்ஹில்ஃபைக் கட்டிக்கொண்டேன். நல்ல மனுஷன். குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. ஊரில் என்னை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார்கள். புருஷனுக்கு என்ன பட்டமோ அதுதான் பெண்டாட்டிக்கும் பேர். பவுலீனை லெப்டினன்டம்மா என்றார்கள்.

இப்போது கர்னலம்மா வீட்டு சோபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்னலம்மா ஃபோன் ஐக்கன் வீட்டில் ஒரு புதன் விட்டு ஒரு புதன் பெண்களுக்குக் காபி. பச்சை வெல்வெட் சோபா. அதன் வலது மூலையில் யார் புருஷன் ஆகப் பெரியவனோ அவள். இடது மூலையில் அடுத்தவள். பிறகு கை வைத்த நாற்காலிகள். பிறகு வெறும் நாற்காலிகள். கடைசியில், கதவு திறக்கும்போதெல்லாம் கணுக்காலில் குளிர் அடிக்கிற இடத்தில், ஒரு பிரம்பு நாற்காலி. யாரும் யாருக்கும் இடம் காட்ட மாட்டார்கள். அவரவருக்கே தெரிய வேண்டும். தெரியாமல் ஒருத்தி மேலே உட்கார்ந்துவிட்டால் ஆறு மாசம் ஊர் வாயில் அரைபடுவாள். காபியும் அதே வரிசையில்தான் வரும். சோபாவுக்குக் கெட்டியான முதல் கோப்பை, கேக்கின் நடுத்துண்டு. கதவோரத்துக்கு ஜாடியின் அடியும் கேக்கின் காய்ந்த நுனியும்.

கல்யாணமான புதிதில் பவுலீன்தான் பிரம்பு நாற்காலி. நான் அவளுக்கு இரண்டு நாற்காலி மேலே. அந்தக் கொஞ்ச வருஷம் நான் எப்படிச் சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா! புதன்கிழமை என்றால் காலையிலேயே பாட்டு வரும் எனக்கு.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது ஒரு போர்ப் பயிற்சியில். மூன்று நாள் அடைமழை. மற்ற பட்டாளங்களின் ரொட்டி வண்டி எல்லாம் சேற்றில் நின்றுவிட்டது. ரீக்கரின் பட்டாளத்துக்கு மட்டும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சுடச்சுடப் பட்டாணி சூப். மனுஷன் முதல் நாளே போய் எந்தப் பாலம் தாங்கும், எந்தக் குதிரை எவ்வளவு ஓட்ஸ் தின்னும் என்று பார்த்து வைத்திருந்தார். கிழட்டுத் தளபதி ஒருவர் சூப்பை ருசி பார்த்துவிட்டு, "இது யார் வேலை?" என்று கேட்டார். அவ்வளவுதான். பெர்லினில் பட்டாளத்து மேல்படிப்பு, அங்கிருந்து படைத் தலைமையகம். கேப்டன் ஆனார், பவுலீன் எனக்குச் சமமாக வந்தாள். மேஜர் ஆனார், கை வைத்த நாற்காலிக்குப் போனாள். பெர்லினிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள். ஒவ்வொரு தடவையும் சோபாவை நோக்கி ஒரு நாற்காலி நகர்ந்திருப்பாள். நான் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினேன். என்னை யாரும் இறக்கவில்லை. மேலே ஆள் ஏறினால் கீழே இருப்பவள் தானாக இறங்கத்தானே வேண்டும்!

கோட்ஹில்ஃபிடம் பொரிந்து தள்ளுவேன். "உங்க சகலை மேஜர் ஆயிட்டார். நீங்க இன்னும் அதே மூணாம் வகுப்புக்கு லத்தீன் சொல்லிக்குடுத்துட்டு இருங்க!"

"மூணாம் வகுப்பு நல்ல வகுப்பு ஒட்டீலி," என்பார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

யுத்தம் வந்த அடுத்த வருஷம் ரீக்கர் ஜெனரல். பவுலீனுக்கு வலது மூலை. நான் கதவோரப் பிரம்பு நாற்காலி. கூடப் பிறந்தவள், எனக்கு ஐந்து வயசு இளையவள், என் பழைய கவுனைத் தைத்துப் போட்டு வளர்ந்தவள், அங்கே. நான் இங்கே. அன்றிலிருந்து எனக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். அந்த வலது மூலையில், அவள் பார்க்க, ஒரே ஒரு தடவை நான் உட்கார வேண்டும். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை.

மாடு தின்கிற டர்னிப்பை மனுஷர் தின்ற அந்தக் குளிர்காலத்தில், முழுப் பட்டாளத்துக்கும் சோறு போடுகிற பொறுப்பு ரீக்கர் தலையில். நான் அவருக்கு எழுதினேன்: ஒரே ஒரு மூட்டை மாவு, உங்கள் சகலைக்கு இருமல் நிற்கவில்லை. பதில் அரசாங்கத் தாளில் வந்தது. 'அன்புள்ள மதினிக்கு. எல்லோருக்கும் உள்ள அளவுதான். மன்னிக்கவும். ரீக்கர்.' அடப்பாவி! அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அந்த மார்ச் மாசம் பவுலீன் வந்தபோது அவள் பாவாடை இடுப்பில் இரண்டு ஊசி குத்தி மடித்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். பெர்லினில் இதுதான் புது நாகரிகம் போலிருக்கிறது, நமக்குக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

யுத்தத்தின் கடைசி வாரத்தில் தலைமையகத்தில் பெரிய கூட்டம். இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார்களாம். மற்ற ஜெனரல்கள் வசந்தம் வரைக்கும் என்றார்கள். ரீக்கர் எழுந்து, "மாவு பதினோரு நாளைக்கு இருக்கு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் ராஜாக்கள் எல்லாம் போய்க் குடியரசு வந்த பிறகு, எங்கள் ஊர்ப் பட்டாளத்து வீடுகளில் அவருக்குப் 'பதினோரு நாள் ரீக்கர்' என்று பேர் விழுந்தது. யுத்தத்தில் தோற்றதே அவர் வாயால்தான் என்கிற மாதிரி பேசினார்கள். கர்னலம்மாவின் இரண்டு பையன்களும் சண்டையில் போய்விட்டார்கள். யாரையாவது வெறுக்க வேண்டும் அவளுக்கு.

போதாக்குறைக்குப் புது அரசாங்கம் அவரைக் கூப்பிட்டு உணவு மந்திரி ஆக்கியது. சேணம் தைத்தவன், சுருட்டு சுற்றியவன் எல்லாம் ஆட்சி செய்கிற காலம் என்று ஊர் திட்டியது. அவர் சீருடையைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார். நான் நேரிலேயே கேட்டேன்: "வெக்கமா இல்லையா மாப்பிள்ளை உங்களுக்கு?"

"ராஜா பசிக்கும் ரொட்டிதான், சிவப்புக்காரன் பசிக்கும் ரொட்டிதான் மதினி," என்றார். "வேற என்ன வேலை தெரியும் எனக்கு?"

எனக்கு அவர் சிவப்பா வெள்ளையா என்பதெல்லாம் கவலை இல்லை. ஜெனரலம்மா போதாதென்று இப்போது மந்திரியம்மாவா என்பதுதான் என் நெஞ்சைப் பிடுங்கியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று, மார்ச். அம்மாவின் கல்லறைக்குப் புதுக் கல் வைக்க அவர்கள் இரண்டு பேரும் வருவதாக எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில்தான் தங்கல். அதற்கு முந்தின திங்கட்கிழமை கர்னலம்மா என் வீட்டுப் படி ஏறி வந்தாள். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை! உட்காரக்கூட இல்லை.

"வாத்தியாரம்மா, புதன்கிழமை உங்க தங்கச்சி வரட்டும். ஆனா அந்தாளோட பெண்டாட்டிக்கு என் வீட்ல சோபா கிடையாது. உங்களுக்குத்தான் வலது மூலை. எல்லாரும் பேசி வெச்சுட்டோம்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள். "அந்தாளை உங்க வீட்ல சேக்கறதில்லைன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடணும். இல்லாட்டி எப்படி உங்களை அங்க உக்கார வெக்கிறது?"

"சொல்றேன்," என்றேன். யோசிக்கவே இல்லை. யோசித்தேன் என்று எழுதினால் அது நாலாவது தப்பாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். மந்திரி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கோட்ஹில்ஃபோடு அடுப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தார். சகலைகள் இருவரும் என்னமோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பவுலீன் என் படுக்கை ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நாளைக்கு நான் வரணுமா? பெர்லின்ல பழைய ஆளுங்க யாரும் எங்களைக் கூப்பிடறதில்ல. தெருவில பாத்தா அந்தப் பக்கம் போயிடறாங்க. இங்கயும் அப்படியிருந்தா..."

"போடி பைத்தியம். எல்லாரும் உன்னைத்தான் கேட்டுட்டே இருக்காங்க," என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! இந்த ஊர்ல உக்காந்து ஒரு காபி குடிச்சாப் போதும்க்கா எனக்கு."

புதன்கிழமை இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு நடந்தோம். அரண்மனைத் தோட்டத்து மதிலோரம் சேறு. அவள் என் பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தாள். அங்கே சொல்லியிருக்கலாம். கர்னலம்மா வீட்டுப் படியிலாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். சொன்னால் அவள் திரும்பிப் போய்விடுவாள், அவள் பார்க்காமல் நான் அங்கே உட்கார்ந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன்.

உள்ளே ஏழு பெண்கள். பவுலீன் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, ஆறு வருஷப் பழக்கம், நேராக சோபாவுக்குப் போனாள். பாவாடையை ஒதுக்கிப் பாதி குனிந்துவிட்டாள்.

"அந்த இடம் வாத்தியாரம்மாவுக்கு," என்றாள் கர்னலம்மா.

பவுலீன் குனிந்தபடியே நின்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியுமா தெரியாதா என்று தேடுகிற பார்வை. நான் அவளைத் தாண்டிப் போய் உட்கார்ந்தேன். காலியாக இருந்தது ஒரே ஒரு இடம், கதவோரம். அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு முதல் கோப்பை வந்தது. அசல் காபிக்கொட்டைக் காபி, நாக்கில் ஒட்டுகிற மாதிரி. கேக்கின் நடுத்துண்டில் திராட்சை மொய்த்துக் கிடந்தது. சுகமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். தோள் வரைக்கும் வெல்வெட். அந்த மூலையிலிருந்து பார்த்தால் அறை முழுக்கத் தெரிகிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கதவோர நாற்காலிதான் ஆக நன்றாகத் தெரிகிறது.

"வாத்தியாரம்மா ஏதோ சொல்லணும்னாங்களே," என்றாள் கர்னலம்மா.

"ஆமா," என்றேன். "மந்திரி ரீக்கரை எங்க வீட்டுப் படி ஏறவிட மாட்டோம். என் வீட்டுக்காரர் கண்டிச்சுச் சொல்லிட்டார்."

அந்த நேரத்தில் மந்திரி ரீக்கர் எங்கள் அடுப்படியில் இருந்தார். கோட்ஹில்ஃப் அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டும் பவுலீனுக்குத் தெரியும். பெண்கள் தலையாட்டினார்கள். இடது மூலையில் இருந்த மேஜரம்மா என் கையைத் தட்டிக் கொடுத்தாள். பவுலீன் தன் கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள், அதுதான் மரியாதை. எழுந்து கர்னலம்மாவுக்கு நன்றி சொன்னாள். என்னைப் பார்க்காமல் போனாள். நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து இரண்டாவது துண்டு கேக்கும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மேசையில் நாலு தட்டு. இரண்டில் சாப்பாடு பாதியில் நின்றிருந்தது. கோட்ஹில்ஃப் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"பவுலீன் வந்தா," என்றார். "தெருவிலயே நின்னா. உள்ள வாம்மான்னேன். 'வேண்டாம் அத்தான், அவரை மட்டும் அனுப்புங்க, ஸ்டேஷனுக்குப் போகணும்'னா. சகலை வாயில வெச்ச கவளத்தோட எழுந்து போனார். என்ன ஆச்சு ஒட்டீலி?"

நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் அவரைப் படி ஏறக் கூடாதுன்னு சொன்னேனாம். பவுலீன் கேட்டா. நான் எப்ப சொன்னேன்?"

"எல்லார் முன்னாடியும் ஏதாவது சொல்லித்தானே ஆகணும்!" என்று கத்தினேன். "முப்பது வருஷம்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் மேல உக்காந்தா உங்களுக்கெல்லாம் பொறுக்கலையா?"

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். அறுபது வயசு, இருமல் வேறு. ரயில் போய்விட்டிருந்தது. அம்மாவின் கல்லை அவர்கள் இல்லாமலே வைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த காபிக்குப் போனேன். வலது மூலையில் மேஜரம்மா உட்கார்ந்திருந்தாள். ஒருத்தியும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கப்புறம் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ரீக்கர் மந்திரி வேலையை விட்டார். போட்ஸ்டாமில் சின்ன வீடு, முட்டைக்கோஸ் தோட்டம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கோட்ஹில்ஃபுக்குக் கடிதம் வரும். அவர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார் போலிருக்கிறது. பவுலீன் பதில் போட்டாள். பிறகு மாசத்துக்கு இரண்டு கடிதம், ஐந்து வருஷம். உறையின் மேல் என் தங்கச்சியின் கையெழுத்தில் என் புருஷன் பேர் மட்டும். அவர் ஜன்னலோரம் போய்ப் படித்துச் சிரிப்பார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். முட்டைக்கோஸ் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எனக்குச் சொல்வார். நானும் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் பதில் இல்லை. கட்டின புருஷன்மேலேயே வயிறெரிய ஆரம்பித்தேன். அவருக்கு அவளிடம் என்ன உரிமை? என் தங்கச்சியல்லவா அவள்!

போன மாசம் தந்தி வந்தது. அதுவும் அவர் பேருக்குத்தான். நான் பெட்டியை எடுத்துக் கறுப்பு உடுப்பை வைத்தேன். கோட்ஹில்ஃப் வாசலில் நின்று பார்த்தார்.

"நீ வரலாமான்னு தந்தி அடிச்சுக் கேட்டேன்," என்றார். "அதுக்கு மட்டும் பதில் வரல."

உடுப்பைத் திரும்ப அலமாரியில் மாட்டினேன். அவர் மட்டும் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். நான் அவருக்குச் சூப் ஊற்றி வைத்து, அவர் பாதி சாப்பிடும் வரைக்கும் பொறுத்திருந்தேன். எத்தனை பேர் வந்தார்கள், என்ன பாட்டுப் பாடினார்கள், பவுலீன் என்ன உடுத்தியிருந்தாள் என்றெல்லாம் அவரே சொல்லிக்கொண்டு வந்தார்.

"என்னைப் பத்தி என்ன கேட்டா?" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"திட்டினாளா? திட்டியிருப்பா. சொல்லுங்க, பரவாயில்ல. என்ன சொல்லித் திட்டினா?"

"ஒண்ணும் சொல்லல ஒட்டீலி."

"மூணு நாள் அவ வீட்ல இருந்தீங்க. ஒண்ணுமேயா?"

"உன் பேரே வரல," என்றார்.